கொச்சும் கொச்சிக்காயும்

முதல் நாள் நடந்த கூத்தை இன்றைக்கும் என் மகள் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு அப்போது நாலு மாதம். கேரளத்துக் குளத்துப்புழையில் எங்க வீட்டுக்காரரின் சித்தி வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுச் சேச்சி வந்து நின்று, "கொச்செவிடே?" என்றார். நான் உள்ளே போய் ஒரு பிடி காய்ந்த மிளகாயை அள்ளி வந்து நீட்டினேன். எங்கள் சிலோன் மலைநாட்டுப் பேச்சில் மிளகாய்க்குக் கொச்சிக்காய் என்று பெயர். மலையாளத்தில் கொச்சு என்றால் குழந்தை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அது 1977. எனக்கு 19 வயது. இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் 1964இல் போட்ட ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்ளச் சம்மதித்த 5,25,000 பேர் கணக்கில் நாங்களும் அடக்கம். ஹட்டன் பக்கம் கொழுந்து பறித்தவள் நான். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். இதைத் 'தாயகம் திரும்பியது' என்று எழுதுகிறார்கள். நானும் சரி, என் அம்மாவும் சரி, பிறந்தது சிலோனில். எங்களுக்கு இது புது நாடுதான்.

அட்டையில் வியாபாரக் கடன் என்று போட்டிருந்தது. தேயிலைச் செடியைத் தவிர எதையும் அறியாதவர்களுக்கு வியாபாரம்! கடனை வாங்கித் தருகிறேன் என்று வந்த தரகர் பாதியை எடுத்துக்கொண்டார். தென்காசிப் பக்கம் போட்ட பெட்டிக்கடை மூன்று மாதத்தில் படுத்துவிட்டது. வாடகைப் பாக்கிக்காகச் சாமான்களை வீட்டுச் சொந்தக்காரர் பிடித்து வைத்துக்கொண்டார். தாத்தாவின் ஊரைத் தேடிப் போனதையும் அங்கே கிடைத்த வரவேற்பையும் எழுதப் போவதில்லை.

செங்கோட்டை ஸ்டேஷனில் பதினொரு ராத்திரி படுத்தோம். குடும்ப அட்டை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டத்தான் ஒரு மறைவு கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் ஒருவர் எங்கள் பேச்சைக் காதில் வாங்கிவிட்டு, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சிலோன்காரரைத் தவிர வேறு யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்காகவே கேரள அரசு குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் நட்டிருக்கிறது என்றும், எங்க வீட்டுக்காரரின் சித்தி குடும்பம் அங்கேதான் இருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். டிக்கெட்டும் அவரே எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கே ஆரியங்காவு வழியாகப் போகும் மீட்டர்கேஜ் ரயிலில் ஏறி, தென்மலையில் இறங்கி பஸ் பிடித்தோம்.

சித்தி வீடு ஒரு அறை, ஒரு அடுப்படி. ஏற்கனவே ஆறு பேர். சித்தி எதுவும் கேட்கவில்லை. கொடியில் கிடந்த சேலையை உருவி அறைக்குக் குறுக்கே கட்டி, "அந்தப் பக்கம் ஒங்களுக்கு, புள்ள. மொதல்ல கொழந்தைக்குத் தண்ணி ஊத்து" என்றார். அந்தச் சேலைக்குப் பின்னால் எட்டு மாதம் இருந்தோம்.

அந்த வரிசையில் எங்களை மாதிரி ஒண்ட வந்த குடும்பங்கள் இன்னும் இரண்டு இருந்தன. இரண்டிலும் கைப்பிள்ளை உண்டு. சித்தி ஒரு காலி பால்மா டின்னை வைத்துக்கொண்டு சாயங்காலம் வீடு வீடாகப் போவார். உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைக்க வேண்டும். அது எங்கள் மூன்று வீட்டுக்கும் போகும். சாதி பார்த்து டின்னில் கை வைக்காதவர்களும் இருந்தார்கள். கப்பலில் வரும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம், இதை மட்டும் சிலர் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்கள்.

எனக்குப் பால் வற்றிப் போயிருந்தது. வரிசையில் மூன்றாவது காம்பரா (அறை) அக்கா தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு என் பிள்ளைக்கும் கொடுத்தார். நான் அதற்குக் கைமாறாக என்ன செய்ய முடியும்? பச்சை உடம்புக்காரிகள் யாராவது ஒருத்தி எப்போதும் வீட்டில் இருப்பாள். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுப் போவார்கள், பதிலுக்கு அவளுக்கு விறகும் தண்ணியும் வந்து சேரும். என் முறை வந்தபோது ஒரே நாளில் ஐந்து பிள்ளைகளைத் தொட்டிலாட்டியிருக்கிறேன். மிளகாய் வாங்கிப் போன சேச்சிதான் ரேஷன் கார்டுக்கு மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்தார்.

நாங்கள் போன சமயத்தில் பால்வெட்டு, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுப்பது, தொடங்கவில்லை. ரப்பர் மரம் வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும். குழி தோண்டுவது, களை எடுப்பது, அவ்வளவுதான் வேலை. அதிலும் எங்க வீட்டுக்காரருக்குப் பெயர் பதிய அந்த எட்டு மாதம் ஆனது. அப்புறம் எனக்கும் கிடைத்தது. 1981இல் மகன் பிறந்தபோது 12 வாரச் சம்பளம் கையில் வந்தது. அதில் ஒரு பங்கு டின்னுக்குப் போனது. மழைக்காலத்தில் வெட்டு நின்று கூலி குறைகிற மாதங்களில் டின் இரண்டு சுற்று போகும்.

1998இல் குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் பெண்கள் குழுத் திட்டம் வந்தது. பத்து இருபது வீட்டுப் பெண்கள் சேர்ந்தால் அயல்கூட்டம், வாராவாரம் சேமிப்பு, நோட்டு, கையெழுத்து. "இதத்தானே டின்னுல செஞ்சோம்" என்றார் சித்தி. ஆனால் நோட்டு வந்த பிறகு கணக்குச் சண்டை குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பயம் நாற்பது வருஷமும் கூடவே இருந்தது. பணிக்கொடையில் நாலு சென்ட் வாங்கினேன். அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 4 லட்சத்தோடு மகன் கொஞ்சம் கடன் வாங்கிக் கட்டினான். 59 வயதுக்கு மேல்தான் என் பெயரில் ஒரு கதவு.

இப்போது எங்கள் திண்ணையில் ஒரு அஸ்ஸாம் பெண் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். கையில் இரண்டு மாதப் பிள்ளை. புருஷனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், தங்கியிருந்த ஷெட்டும் போய்விட்டது. இங்கே இவர்களை 'அதிதித் தொழிலாளி' என்கிறார்கள். விருந்தாளி என்று அர்த்தம். ராத்திரி எங்கள் அடுப்படியில் படுக்கிறார்கள். கடைவீதிக்குப் பின்னால் ஒரு அறை பார்த்தாயிற்று, மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அயல்கூட்டத்தில் பேச வேண்டும். இரண்டு பேர் முடியாது என்பார்கள், யார் யார் என்றுகூடத் தெரியும்.