மழை வந்தால் பச்சையாகுமா?

"அடுத்த வருஷம் நல்ல மழை பெய்தால் இந்தப் படம் பச்சையாகுமா?" என்று மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் கேட்டார். "ஆகும்" என்றேன். நடந்தது அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை, மழுப்பவும் இல்லை. ஆனாலும் அந்த ஒற்றை வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

2022 வசந்த காலம், அமெரிக்காவின் வடக்கு நெவாடா. செயற்கைக்கோள் படங்களை வைத்து மேய்ச்சல் நிலத்தில் புல் எவ்வளவு என்று கணக்கிட்டு அரசின் நில அலுவலகத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர் நிலம். பழைய படங்களோடு ஒப்பிட்டு, சராசரிக்குக் கீழே போனால் சிவப்பு, மேலே போனால் பச்சை. பண்ணைக்காரர்களோடு அலுவலகம் நடத்தும் கூட்டத்தில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவதோடு என் வேலை முடிந்தது. பேச வேண்டியவர் அதிகாரி.

அன்று திரையில் சிவப்பைத் தவிர வேறு நிறமே இல்லை. 2000 முதல் 2021 வரையிலான 22 ஆண்டுகள் இந்தப் பகுதியில் 1200 ஆண்டுகளில் இல்லாத வறட்சி, அதில் புவி வெப்பமாதலுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அந்த பிப்ரவரியில்தான் ஓர் ஆய்வு வந்திருந்தது. அதிகாரி அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். எதிரே இருந்த பண்ணைக்காரர் மறுக்கவில்லை. முந்தைய வருஷமே வைக்கோல் விலை தாங்காமல் மாடுகளில் ஒரு பகுதியை விற்றவர் அவர்.

நெவாடாவில் நூற்றுக்கு 80 பங்கு நிலம் மத்திய அரசுடையது. நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கை மாவட்டம் மாவட்டமாக விரித்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். 1934 டெய்லர் மேய்ச்சல் சட்டத்துக்குப் பிறகு பர்மிட் இல்லாமல் அங்கே மாடு விட முடியாது. கட்டணம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய அந்த வருஷம் 1.35 டாலர். பர்மிட்டில் எத்தனை மாடு என்று எழுதியிருக்கிறது என்பதுதான் பெரிது. அந்தப் பண்ணைக்காரரின் சொந்த நிலம் கொஞ்சம்தான். வங்கி அதற்குப் போடும் மதிப்பில் பாதி உயிர் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது. இந்த ஒரு வருஷத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகம் கேட்கும்போது, குறைத்தது திரும்ப வருமா என்றுதான் அவர் காதில் விழும்.

2014-இல் கிளைவன் பண்டி என்ற நெவாடா பண்ணைக்காரரின் மாடுகளைப் பிடிக்க வந்த அதிகாரிகள், துப்பாக்கியோடு நின்ற கூட்டத்தைப் பார்த்து மாடுகளை விட்டுவிட்டுத் திரும்பிய கதையைத்தான் வெளியூர்க்காரர்கள் எப்போதும் கேட்பார்கள். பண்டி 1993-இலிருந்தே கட்டணம் கட்டாதவர். இவர் ஒரு தவணைகூடத் தவறாதவர். அன்று மேஜைமேல் காபியும் டோனட்டும் ஒரு பழைய ஃபைலும்தான் இருந்தன. ஃபைல் நிறைய போட்டோக்கள். ஒரே வேலி மூலையில், ஒவ்வொரு வருஷமும், அளவு தெரிவதற்காகத் தன் தொப்பியைப் புல் பக்கத்தில் வைத்து எடுத்தவை. பழைய படங்களில் தொப்பியைத் தேட வேண்டும். புதியவற்றில் தொப்பிதான் இருக்கிறது.

முதலில் வேறொன்று கேட்டார். "புல் போய்விட்டது, சரி. யார் தின்றது என்று உங்கள் சாட்டிலைட் சொல்லுமா?" அந்தப் பக்கம் காட்டுக் குதிரைகள் அதிகம். 1971 சட்டப்படி அவற்றை அவர் விரட்டக்கூட முடியாது. சொல்லாது என்றேன். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் மேலேயே அடுத்த கேள்வி வந்தது, அதற்கு என் "ஆகும்"மும் வந்தது. அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி காகிதத்தை நகர்த்தினார். அந்தப் பருவத்துக்கு மட்டும் குறைத்துக்கொள்வதாக அவர் கையெழுத்துப் போட்டார்.

என் வார்த்தையை நம்பித்தான் போட்டாரா? இல்லை என்றுதான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். விற்ற மாடு விற்றதுதான், எப்படியும் அவரிடம் முழு எண்ணிக்கை இல்லை, முடிவோடுதான் வந்திருப்பார். சம்மதிக்காவிட்டால் அலுவலகம் உத்தரவாகவே போட்டிருக்கும். வறட்சியில் மேயவிட்டால் பல்லாண்டுப் புல் வேரோடு போய்விடும் என்பதும் உண்மை. அதில் நான் அலுவலகத்தின் பக்கம்தான், இன்றும்.

சிக்கல் சீட்கிராஸில் இருக்கிறது. யூரேசியாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒருபருவப் புல். மற்ற புல் விழிப்பதற்கு முன்பே பச்சையாகி, கோடை தொடங்கும்போதே காய்ந்து, பற்றி எரியத் தயாராக நிற்கும். 2018-இல் சுமார் 4,35,000 ஏக்கரைத் தின்ற மார்ட்டின் தீ இந்த மாதிரி நிலத்தில்தான் ஓடியது. நல்ல பல்லாண்டுப் புல் செத்த இடத்தில் மழை பெய்தால் முதலில் எழும்புவது இதுதான். அன்று நான் காட்டிய படத்துக்கு இரண்டும் பச்சைதான். ஆக, "ஆகும்" என்பது சரியான பதில். எது பச்சையாகும் என்று அவர் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியதும் இல்லை. தொப்பியை வைத்து அத்தனை வருஷம் படம் எடுத்தவருக்குச் சீட்கிராஸைப் பற்றி நான் என்ன சொல்லித் தர? சீக்கிரமே மாட்டை விட்டால் அதைத் தின்று தீயைக் குறைக்கும் என்பது அவருடைய வாதம். அப்படி மேய்த்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. சில நேரம் தோன்றுகிறது, அவர் புல்லைப் பற்றியே கேட்கவில்லை. பச்சையானால் தன் எண்ணிக்கையைத் திருப்பித் தருவார்களா என்பதை அதிகாரியிடம் நேராகக் கேட்க முடியாமல் என்னிடம் சுற்றிக் கேட்டார். அப்படியென்றால் நான் பதில் சொன்னது வேறு ஏதோ கேள்விக்கு.

அடுத்த குளிர்காலம் பனி கொட்டித் தீர்த்தது. 2023 மே மாதம் படம் பச்சையானது. ஒரே வரியில் மெயில் போட்டிருந்தார்: "ஆகிவிட்டது." அதை நான் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் ஒருபருவப் புல்லையும் பல்லாண்டுப் புல்லையும் தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொன்னார்கள். பிரித்துத் தந்தேன். பளிச்சென்று இருந்தது பெரும்பாலும் ஒருபருவப் புல். நல்ல புல் தேற இன்னும் அவகாசம் வேண்டும் என்று ஒரு பகுதியைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். என் படத்தைக் காட்டி அவர் கேட்டார், என் படத்தைக் காட்டியே மறுத்தார்கள். இரண்டு படமும் சரி.

முதல் கூட்டத்திலேயே பிரித்துக் காட்டியிருக்கலாமே என்றார் கூட வேலை செய்பவர். அப்போது ஒப்பந்தத்தில் அது இல்லை. இப்போது இருக்கிறது. எல்லாக் கூட்டத்திலும் இரண்டையும் காட்டுகிறேன். போன முறை வேறொரு பண்ணைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு காட்டினால் எங்களுக்கு எது பாதகமோ அதைத்தானே எடுத்துக்கொள்வார்கள்? பழையபடி ஒன்றே காட்டுங்கள்" என்றார். அதிகாரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பண்ணைக்காரருக்கு மறுத்துச் சொல்லவும் என்னிடம் ஒன்றும் இல்லை.