செல்லியோடு சென்னை வரை

செட்டிநாட்டு வீடுகள் நீளமானவை. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் எங்கள் கானாடுகாத்தான் வீட்டில், வாசலில் நின்று தபால்காரர் கூப்பிடும் குரல் வளவையும் இரண்டாங்கட்டையும் தாண்டி அடுப்படிக்கு வந்து சேர்வது காது நன்றாகக் கேட்பவர்களுக்கே கடினம். எனக்கோ இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் இழப்பு 70 டெசிபலுக்கு மேல். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் காது கேளாமைக்கு வகுத்திருக்கும் வரம்பு அது. வயதான ஆத்தாவும் நானும் மட்டுமே இருக்கும் வீட்டில், ஆத்தா தவறி விழுந்து கூப்பிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்ற கவலைதான் செல்லியைப் பழக்க வைத்தது.

செல்லி எங்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய். காது கேளாதவருக்கு ஓசைகளைத் தெரிவிக்கும் செவித்துணை நாய் என்றால் வெளிநாட்டு இனம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சிறு ஓசைக்கும் திரும்பிப் பார்க்கும் ஆர்வமும், மனிதரோடு ஒட்டும் குணமும், கூட்டத்தைக் கண்டு மிரளாத மனமும் இருந்தால் போதும் என்பது என் அனுபவம். நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் வழிகாட்ட, பழக்கியது நானும் அண்ணன் மகளும்தான். அவள் வாசல் மணியை அடிப்பாள். செல்லி என்னிடம் வந்து மூக்கால் முழங்காலைத் தொட்டால் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று கொடுப்பேன். அது படிந்த பிறகு, நான் இரு கைகளையும் விரித்து ‘எங்கே’ என்று காட்ட, ஓசை வந்த இடத்துக்கு அழைத்துப் போனால் மட்டுமே ஈரல். வாசல் மணிக்குப் பின் குக்கர் விசில், அதற்குப் பின் ஆத்தாவின் குரல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அபாய ஓசைக்கு மட்டும் முறை வேறு. புகை எச்சரிக்கை மணி அடித்தால் நாய் என்னை நெருப்பிடம் அழைத்துப் போகக் கூடாது. தொட்டுவிட்டு அப்படியே தரையில் படுத்துவிட வேண்டும். பிரிட்டனில் 1982 முதல் செவித்துணை நாய்களைப் பழக்கிவரும் ‘ஹியரிங் டாக்ஸ் ஃபார் டெஃப் பீப்புள்’ அமைப்பின் முறையும் இதுவே.

எதிர்பாராத இடையூறு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலிருந்து வந்தது. மெருகேறிய அந்தத் தரையில் ஓடிவந்தால் செல்லி வழுக்கி விழுவாள். விழுந்த பின் அந்த ஓசைக்கே ஓட மறுப்பாள். பாத மெத்தைகளுக்கு இடையே வளரும் மயிரை வெட்டி, திருப்பங்களில் கயிற்றுப் பாய் விரித்த பிறகே அவளுக்கு நம்பிக்கை திரும்பியது.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக நடந்தபோதும், செவிமருத்துவத்துக்காகச் சென்னை போக வேண்டியிருந்தது பெருங்கவலையாகவே இருந்தது. காரைக்குடியிலிருந்து காலையில் புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸில் உட்காரும் வகுப்புகள்தான். அவற்றில் நாயை உடன் வைத்துக்கொள்ள முடியாது. ரயில் கார்டின் பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் ஏற்றி அனுப்பலாம் என்றார்கள். எனக்குக் காதாக இருக்கும் உயிரை ரயிலின் கடைசியில் பூட்டிவிட்டு, அறிவிப்பும் கேட்காமல், பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் தெரியாமல் நான் முன்னால் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் துணையா? நாயை உடன் வைத்துக்கொள்ள ஒரே வழி, குளிர்சாதன முதல் வகுப்பில் இரண்டு படுக்கைகள் கொண்ட கூபேயையோ நான்கு படுக்கைகள் கொண்ட கேபினையோ முழுவதுமாக நமக்கே பதிவு செய்வது. ஆகவே திருச்சியிலிருந்து இரவில் கிளம்பும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எனக்கும் அண்ணன் மகளுக்கும் இரண்டு இடங்கள் போட்டோம்.

கூபேயை நாமே தேர்ந்தெடுக்க முடியாது. டிக்கெட் நகலை இணைத்து ரயில்வே வணிகப் பிரிவுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கிடைத்ததா என்பது பயணிகள் பட்டியல் தயாராகும்போதுதான் தெரியும். அந்த விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். அமெரிக்காவில், துணை நாயோடு வருபவரிடம், உடற்குறை காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, எந்த வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைத்தான் ஊழியர்கள் கேட்கலாம். நம் ஊரில் அப்படி யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும், அவ்விரண்டுக்கும் விடையாகவே என் கடிதத்தை ஒரே பக்கத்தில் எழுதி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி அட்டையின் நகலையும் செவித்திறன் பரிசோதனை அறிக்கையையும் சேர்த்தேன். நீண்ட முறையீட்டைவிட அந்த ஒரு பக்கம் நன்றாக வேலை செய்தது.

பயணத்துக்கு முந்தின நாள் அரசு கால்நடை மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கினோம். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையில் தேதி தெளிவாக இருக்கிறதா என்பதையும் அவரே பார்த்துக் கொடுத்தார். திருமயம், புதுக்கோட்டை வழியாக வாடகைக் காரில் திருச்சி போய், வண்டி கிளம்ப மூன்று மணி நேரத்துக்கு முன்பே பார்சல் அலுவலகத்தில் நின்றோம். அங்கே செல்லியும் ஒரு சாமான்தான். சாமான் கட்டண விகிதத்தில் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். ரசீது எழுதியவர் என் கடிதத்தைப் படித்துவிட்டு, “ஆச்சி, இதைப் பத்திரமா வச்சுக்கிடுங்க, டிடிஆர் கேப்பாரு” என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். நான் உதட்டைப் படித்துக்கொள்வேன் என்றாலும், எழுதிக் காட்டிய அந்த மரியாதை மனத்தில் நிற்கிறது.

இரவில் அண்ணன் மகள் தூங்கிவிட்டாள். கூபேயின் கதவு மூடியிருந்தது. திடீரென்று செல்லியின் ஈர மூக்கு என் உள்ளங்கையில் பட்டது. கைகளை விரித்துக் கேட்டேன். கதவருகே போய்த் திரும்பி என்னைப் பார்த்தாள். திறந்தால் டிக்கெட் பரிசோதகர் நின்றிருந்தார். பல முறை தட்டியிருப்பார் போலும், முகத்தில் சிறு சலிப்பு தெரிந்தது. செல்லியையும் ரசீதையும் பார்த்ததும் அது மறைந்தது. மாலையிலேயே உணவை நிறுத்திவிட்டிருந்ததால் அவளுக்குத் தொல்லை ஏதுமில்லை. விழுப்புரத்தில் வண்டி நின்றபோது கொஞ்சம் தண்ணீர் மட்டும் கொடுத்தோம்.

சென்னையில் முன்பதிவு செய்திருந்த விடுதி ஒன்றில் நாய்க்கு இடமில்லை என்று கடைசி நேரத்தில் மறுத்தார்கள். கடிதத்தைக் காட்டியும் பலனில்லை. வேறொரு விடுதிக்கு மாறினோம். அதன் பிறகு, பணம் கட்டுவதற்கு முன்பே கடிதத்தை அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுகிறேன். அறைக்குள் நுழைந்ததும் கதவை வெளியிலிருந்து தட்டச் சொல்லிச் செல்லிக்கு ஒரு முறை பழக்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது, ஏனெனில் ஒவ்வொரு கதவின் ஓசையும் அவளுக்குப் புதிது.

முதல் வகுப்பில் இரண்டு இடம் போட வசதி உள்ளவருக்குத்தான் இந்த வழி திறக்கிறது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பழக்கப்பட்ட துணை நாயைச் செல்லப் பிராணியாகவும் சாமானாகவும் கருதாமல், யூடிஐடி அட்டையும் தடுப்பூசிச் சான்றும் காட்டினால் எந்த வகுப்பிலும் உரியவரின் காலடியில் இருக்க அனுமதிக்க வேண்டும் என்று ரயில்வேக்கும் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கும் மனு எழுதி அனுப்பியிருக்கிறேன்.