ஃப்ரிட்ஜ் ஊறுகாய்: இதுவரை செய்து பார்த்தவை

எண்ணெய் இல்லை, வெயில் இல்லை. காய்கறியை வினிகரில் ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது, அவ்வளவுதான். மாங்காய் ஊறுகாய் மாதிரி வருஷக்கணக்கில் வராது, இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆனால் இன்று போட்டால் நாளைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

வினிகர் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் குறிப்புகளில் வினிகரும் தண்ணீரும் சம அளவு என்று இருக்கும். அவர்கள் கணக்கு 5 சதவீத வினிகருக்கு. நம் மளிகைக்கடை வெள்ளை வினிகர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 4 சதவீதம். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் 2 சதவீதம்தான் நிற்கும், காய் விடும் தண்ணீர் வேறு. அதனால் 2 கப் வினிகருக்கு 1 கப் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். ஒரு மேசைக்கரண்டி கல் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் மிளகு, கடுகு, எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். தூள் உப்பு போட்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் கட்டி பிடிக்காமலிருக்க அதில் சேர்க்கும் பொருள் தண்ணீரைக் கலங்கலாக்கிவிடும்.

அதிகம் பிடித்துப்போனது கேரட்டும் முள்ளங்கியும். வியட்நாமில் பான் மீ ரொட்டிக்குள் வைப்பார்களே, அந்த ஜோடி. தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனாக நறுக்கி, உப்பும் சர்க்கரையும் தூவிக் கையால் பிசைய வேண்டும். சிறிது நேரத்தில் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் கட்டும். ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள்: உடையாமல் இரண்டு முனையும் தொட்டால் பதம் சரி. கழுவிப் பிழிந்து பாட்டிலில் போட்டு, ஆறிய வினிகர்த் தண்ணீரை ஊற்றினால் போதும். இப்படித் தண்ணீரை முன்பே எடுத்துவிடுவதால்தான் கடிக்கும்போது நறுக்கென்று இருக்கிறது. வாசனை பற்றி எச்சரித்துவிடுகிறேன். முள்ளங்கி பாட்டிலைத் திறந்தால் வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போய்விடும், சுவையில் அது வராது.

சின்ன வெங்காயத்துக்குச் சூடாகவே ஊற்றலாம், காரம் அடங்கும். கூடவே பீட்ரூட் துண்டு ஒன்று போட்டால் தாபா வெங்காயம் போல ரோஸ் நிறம். வெள்ளரிக்குச் சூடு ஆகாது, துவண்டுவிடும். அதன் பூ இருந்த முனையையும் ஒரு சீவு சீவி எறிந்துவிடுங்கள். காயை மெத்தென்று ஆக்கும் நொதி அங்கேதான் இருக்கிறது.

பூண்டு சில சமயம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேர்ந்து செய்யும் வேலை அது, தாராளமாகச் சாப்பிடலாம். தகர மூடி மட்டும் வேண்டாம், வினிகர் அரித்துவிடும். பாட்டிலை வெளியிலும் வைக்க வேண்டாம், இது அலமாரிச் சரக்கு இல்லை.

தயிர் சாதத்துக்கு இது ஒட்டவில்லை, புளிப்போடு புளிப்பு மோதுகிறது. பருப்பு சாதத்துக்கும் முட்டை பொரியலுக்கும் அருமை. காய் தீர்ந்த பிறகு மிஞ்சும் தண்ணீரில் புளிப்பு குறைந்திருக்கும் என்பதால் மறுபடி காய் போடுவதில்லை, சாலடில் ஊற்றிவிடுகிறேன். அடுத்து பச்சை மிளகாய், காலிஃபிளவர்.