சாம்ல பறிபோன காசும் சுதாசரில பார்த்த கானமயிலும்

நேத்து ராத்திரிதான் ராஜஸ்தான் ஜெய்சல்மேர்ல இருந்து வந்தேன், ஆத்திரம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

முதல் நாள் சாம் மணல்மேடு. ஜீப்காரர் 1,500ன்னு பேசிட்டு, இறங்கும்போது பார்க்கிங், என்ட்ரின்னு அடுக்கி 2,300 கறந்துட்டார். என் ரெண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது! அங்க போனா மணலை உழுதுக்கிட்டு ஓடுற ஜீப்புங்க, ராத்திரி காது கிழியுற டிஜே. 3,162 சதுர கிலோமீட்டர் பாலைவன தேசியப் பூங்காவை ஒட்டி இந்தக் கூத்து நடக்குது, சுத்தமா பிடிக்கல.

மறுநாள் பூங்காவுக்குள்ள சுதாசரி. பக்கத்து ஊர்ல ஆடு மேய்க்கிற அண்ணன்தான் கைடு. வண்டியைத் தூரமா நிறுத்திட்டு, பேசாதீங்கன்னு கையைக் காட்டினார். ரொம்ப நேரம் சிங்காரா மானுங்க மட்டும்தான், அப்புறம் சேவண் புல்லுக்கு மேல ஒரு வெளுத்த கழுத்து, தலையில கறுப்புக் கொண்டை. கானமயிலேதான்! இங்கிலீஷ்ல கிரேட் இந்தியன் பஸ்டர்ட், அங்க கோடாவண்ணு சொல்றாங்க. ரெண்டு அடி வைக்குது, நிக்குது, கழுத்தை நிமித்திப் பாக்குது, மறுபடி ரெண்டு அடி. எனக்கு மூச்சே நின்னுடுச்சு. ஒரு காலத்துல தமிழ்நாட்டுலயும் இருந்த பறவைங்க, இன்னிக்கு இங்க ஒண்ணு கூட இல்ல.

பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் தரையில. நாய் தின்னாலும் வண்டி ஏறினாலும் அந்த வருஷம் போச்சு. கனமான உடம்பு, நேர் எதிர்ல பார்வை சரியா கிடையாது, கரண்டு கம்பி கிட்ட வந்தப்புறம் ஒதுங்க முடியாம மோதிச் சாகுது. 2021ல சுப்ரீம் கோர்ட் கம்பியைத் தரைக்கடியில கொண்டுபோகச் சொல்லிச்சு, 2024ல அதைத் தளர்த்திட்டாங்க. வயிறு எரியுது.

மத்தியானம் அண்ணன் வீட்டுலயே சாப்பாடு. கம்பு ரொட்டி, மோர், கேர் சாங்க்ரின்னு ஒரு கறி. சாங்க்ரின்னா நம்ம வன்னி மரத்துக் காய்தாங்க! ஊர் ஓரண்ல பறிச்சதாம், ஓரண்ணா சாமிக்கு விட்ட காடு, அங்க யாரும் மரம் வெட்ட மாட்டாங்க. லேசான புளிப்பு, காரம், மேல நெய், மூணு ரொட்டி உள்ள போனது தெரியல. கைடு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,200தான்.

"மேய்ச்சலைத் தடுத்தாங்கன்னு பூங்கா மேல முன்னாடி எங்களுக்குக் கோவம், இப்ப இந்தப் பறவையாலதான் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டறேன், நாய் வந்தா நானே விரட்டறேன்"னார். ஆனா பாதி நாள் ஆள் வரதில்லையாம், எல்லாரும் சாம்லயே திரும்பிடறாங்க. போறவங்க தயவுசெஞ்சு உள்ளூர் கைடு வைங்க, நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க.

கிளம்பும்போது அண்ணி காஞ்ச சாங்க்ரி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாங்க, காசு நீட்டினா வாங்கவே இல்ல. இப்பதான் ஊறப் போட்டிருக்கேன்.