அதை ஓட்டுவது யார்? லினக்ஸ் பரீட்சைக்குப் பொயிங்க் வழியாகப் படித்த அனுபவம்

2022 பங்குனி மாதம். வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு லினக்ஸ் நிர்வாகத்துக்கான எல்பிஐசி-1 சான்றிதழுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு 101, 102 என்று இரண்டு பரீட்சைகள். ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்துக்கு 60 கேள்விகள். 800க்கு 500 எடுத்தால் சித்தி. புத்தகத்தை இரண்டு தடவை வாசித்தும் கட்டளைகள் மனதில் நிற்கவில்லை. பெயர் தெரியும், கூடவே போடும் எழுத்துகளும் தெரியும். எப்போது எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. இதே இடத்தில் நிற்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஓடும் என் லேப்டாப்பில் பொயிங்க் நிறுவினேன். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான மென்பொருள் அது. கணினி சும்மா கிடக்கும் நேரத்தை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கொடுக்க உதவுகிறது. நான் சேர நினைத்தது, விண்வெளித் தரவுகளில் பல்சர்களை, அதாவது வேகமாகச் சுழன்று துடிப்புகளாகக் கதிர்வீசும் விண்மீன்களைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில். 2010இல் தொண்டர்களின் கணினிகள் மூலமாகவே ஒரு பல்சர் விண்மீனைக் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையில் எனக்கும் ஒரு துளி பங்கு இருக்கட்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

நிறுவுவதில் சிரமம் இல்லை. ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் ஜன்னலான பொயிங்க் மேனேஜரைத் திறந்தால் கீழ் மூலையில் ‘டிஸ்கனெக்டட்’ (இணைப்பு இல்லை) என்று நிற்கிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அதேதான். இரவு, லினக்ஸ் வேலை செய்யும் தெரிந்த அண்ணா ஒருவருக்கு கோல் எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, அதை ஆர் ஓட்டுறது எண்டு பாத்தனியா?”

பார்க்கவில்லை. என்னென்ன ஓடுகிறது, யார் பெயரில் ஓடுகிறது என்று காட்டும் பிஎஸ் கட்டளை போட்டுப் பார்த்தேன். பொயிங்க் இரண்டு துண்டாக இருந்தது. கணக்குப் போடும் கிளையன்ட் பின்னணியில் ஒரு சேவையாக, ‘பொயிங்க்’ என்ற தனிப் பயனர் பெயரில் ஓடுகிறது. நான் திறக்கும் மேனேஜர் ஜன்னல் என் பெயரில் ஓடுகிறது. கிளையன்டோடு பேச மேனேஜருக்கு ஒரு கடவுச்சொல் வேண்டும். அது ஒரு சின்னக் கோப்புக்குள் இருக்கிறது. அந்தக் கோப்பை எல்எஸ் கட்டளையால் விரிவாகப் பார்த்தபோது அனுமதி 640. உரிமையாளர் வாசிக்கலாம், எழுதலாம். குழுவில் உள்ளவர்கள் வாசிக்கலாம். மற்றவர்களுக்குரிய மூன்று இடங்களிலும் வெறும் கோடு. நான் அந்த ‘மற்றவர்களில்’ ஒருவன். கோப்பு அனுமதி பற்றிப் புத்தகத்தில் வாசித்த முழு அத்தியாயமும் அந்த மூன்று கோடுகளில் விளங்கிவிட்டது.

இந்த இடத்தில் பலர் 777 கொடுத்து எல்லோருக்கும் எல்லா அனுமதியும் திறந்துவிடச் சொல்வார்கள், அல்லது மேனேஜரை சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு திறக்கச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். உங்களைப் பொயிங்க் குழுவில் சேர்த்தால் போதும். பயனர் விபரங்களை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் சிறிய ஏ, பெரிய ஜி இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். அவசரத்தில் நான் ஏ-யை விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் புதிய குழுவில் சேர்க்கும்போதே மற்றத் துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் உங்களை எடுத்துவிடும். வெளியேறி மறுபடி உள்நுழைந்தபோது மேனேஜர் வேலை செய்தது, ஆனால் சூடோ குழுவிலிருந்தும் நீங்கியதால் நிர்வாகி அதிகாரம் போய்விட்டது! நெஞ்சு திக்கென்றது. கணினியை மறுபடி தொடக்கி, கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் ரிகவரி மோடுக்குப் போய், முழு அதிகாரமுள்ள ரூட் ஷெல்லில் என் பெயரை சூடோ குழுவில் திரும்பச் சேர்க்க விடியப்புறம் 2 மணியாகிவிட்டது. 102 பரீட்சைக்குரிய பயனர், குழு நிர்வாகப் பகுதியை அதற்குப் பிறகு நான் திருப்பிப் படிக்கத் தேவையே வரவில்லை.

இன்னொரு விஷயம்: குழுவில் சேர்த்த உடனே பலன் தெரியாது. வெளியேறி உள்நுழைந்தால்தான் புதிய குழு ஒட்டும். நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று காட்டும் ‘ஐடி’ கட்டளை போட்டுச் சரிபாருங்கள்.

அப்புறம் வந்தது கரண்ட் பிரச்சினை. அந்த மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கணக்கு ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மறுபடி ஏதோ உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இந்தத் தடவை எதையும் அழிக்காமல், ஜர்னல்சிடிஎல் கட்டளையால் பொயிங்க் சேவையின் பதிவுகளை மட்டும் வாசித்தேன். பேட்டரியில் ஓடுவதால் நிறுத்தப்பட்டது என்று தெளிவாக எழுதியிருந்தது. அது பிழை அல்ல, மேனேஜரில் இயல்பாக உள்ள அமைப்பு, மாற்றலாம். நான் மாற்றவில்லை. இருந்த பேட்டரி படிக்கத் தேவைப்பட்டது.

எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையையும் ஒருமுறை திறந்து வையுங்கள். பொயிங்க் தன் கணக்குகளை நைஸ் 19 என்ற மிகத் தாழ்ந்த முன்னுரிமையில் ஓட்டும். எண் கூடினால் முன்னுரிமை குறையும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. 19க்குப் பக்கத்தில் சிபியு 100 சதவீதம் என்று இருக்க, உலாவி எந்தத் தடங்கலும் இல்லாமல் திறந்ததைப் பார்த்த பிறகுதான் ஏறியது. கொழும்புச் சூட்டுக்கு லேப்டாப் கொதிக்கும். சிபியுவின் கோர்களில் பாதியை மட்டும் பொயிங்குக்குக் கொடுத்தேன்.

ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) தெரியவில்லை என்று வந்தாலும் அண்ணாவின் கேள்விதான். கணக்கு ஓட்டுவது நீங்கள் அல்ல, பொயிங்க் பயனர். டிரைவர் சரியாக இருந்தால், ஜிபியுவைத் தொட அனுமதியுள்ள வீடியோ, ரெண்டர் குழுக்களில் சேர்க்க வேண்டியது அந்தப் பயனரைத்தான். பிறகு சேவையை மறுபடி தொடக்குங்கள்.

சித்திரையில் முதல் கணக்கு முடிந்து அனுப்பப்பட்டது. இன்னொருவரின் கணினி போட்ட விடையோடு ஒப்பிட்டு அதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு பரீட்சைகளும் சித்தி.

தயாராகிறவர்கள் இதை ஒரு மெய்நிகர் இயந்திரத்தில், அதாவது உங்கள் கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியில் செய்யுங்கள். எல்லாம் ஓடத் தொடங்கியதும் திரும்பி வர ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் நகல்) எடுத்துவிட்டு நீங்களே உடையுங்கள்: குழுவிலிருந்து உங்களை எடுத்துவிடுங்கள், கடவுச்சொல் கோப்பின் உரிமையாளரை மாற்றுங்கள், சேவையை முடக்குங்கள். படிக்கும் தோழன் ஒருவர் இருந்தால் அவரை உடைக்கச் சொல்லுங்கள். எதை உடைத்தார் என்று சொல்லாமல் உங்களிடம் தரட்டும்.