குட்டை வெட்டுறதுக்கு முன்னாடி மேட்டைப் பாருங்க

பண்ணைக்குட்டை வெட்டப்போறேன்னு யார் சொன்னாலும் நான் கேக்குற முதல் கேள்வி: மேல வரப்பு இருக்கா? குழி வெட்டினதோட நீர் சேமிப்பு முடிஞ்சுதுன்னு பலர் நினைக்கிறாங்க. சரிவுல தடையில்லாம ஓடி வர்ற தண்ணி சும்மா வராது. உங்க மேல்மண்ணையும் தூக்கிட்டு வரும். குட்டை வண்டல் ஏறி மேடாகும், விளைநிலம் சத்தில்லாம வெளுத்துப்போகும். ரெண்டு பக்கமும் நட்டம்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழைன்னா 1 லிட்டர். ஒரு ஏக்கர்ல 25 மி.மீ. பெஞ்சா ஒரு லட்சம் லிட்டருக்கு மேல. அத்தனையையும் குழியில அடைக்கிறது கஷ்டம், முடிஞ்சவரை மண்ணுக்குள்ள இறக்கணும்.

சரிவுக்குக் குறுக்கே உழுங்க. சரிவுல ஒரே உயரத்துல இருக்கிற இடங்களை இணைச்சு சம உயர வரப்பு போட்டு, அதுல வெட்டிவேரை நெருக்கமா நடுங்க. வேர் பக்கவாட்டுல அதிகம் படராம நேரா கீழ இறங்கும், பயிரோட பெருசா மல்லுக்கட்டாது. மழை விட்டதும் போய்ப் பாத்தா தெரியும், தூருக்கு மேல்பக்கம் வண்டல் படிஞ்சிருக்கும், கீழ்ப்பக்கம் தண்ணி கலங்கல் குறைஞ்சு கசியும். (எனக்குப் பாக்கவே சலிக்காத காட்சி!)

உபரித்தண்ணி போக வழி விடாம மட்டும் வரப்பைக் கட்டிடாதீங்க. பெருமழையில மேல ஒண்ணு உடைஞ்சா, கீழ இருக்கிறதும் வரிசையா உடையும். அந்த வழி எந்தப் பக்கம்னு கீழ்க்காட்டுக்காரர்கிட்டப் பேசிட்டு முடிவு பண்ணுங்க. வெள்ளம் போய் விழப்போறது அவர் நிலத்துலதான்.