கல்லூரி எந்தக் கட்டத்தில் ஒளிந்திருந்தது?

2025 அக்டோபரில் தமிழகச் சட்டமன்றத்துக்குத் தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதா வந்தது. பல்கலைக்கழகம் தொடங்க ஒரே இடத்தில் 100 ஏக்கர் வேண்டும் என்றிருந்ததை மாநகராட்சிப் பகுதியில் 25, நகராட்சி, பேரூராட்சியில் 35, மற்ற இடங்களில் 50 என்று குறைக்கும் மசோதா. வாக்களிக்கப் போகிறவர்களில் யாரெல்லாம் கல்லூரி நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. எங்கள் பக்கத்து நான்கு தொகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

2021-ல் அந்தத் தொகுதி உறுப்பினர்கள் வேட்புமனுவோடு கொடுத்த, சொத்து விவரம் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே கிடைக்கிறது. வேட்பாளர்கள் இந்த விவரங்களைத் தர வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிராவிட்டால் இந்தத் தாள் நம் கண்ணிலேயே பட்டிருக்காது.

இரண்டு நாள் அசையாச் சொத்துப் பக்கங்களையே புரட்டினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கல்லூரி இருப்பது அறக்கட்டளை பெயரில். அறக்கட்டளைச் சொத்து அறங்காவலரின் சொந்தச் சொத்து ஆகாது, அதனால் அங்கே வராது. அப்புறம்தான் அசையும் சொத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: தனிநபர், நிறுவனம், அறக்கட்டளை போன்றவர்களுக்குக் கொடுத்த கடன். ஒரு உறுப்பினரும் அவர் மனைவியும் ஒரு கல்வி அறக்கட்டளைக்குப் பெரிய தொகை கடன் கொடுத்திருந்தது அங்கே இருந்தது.

சரி என்று அவருடைய நிலங்களின் சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், உட்பிரிவு எண் மூன்றும் சரியாக இருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் வெறும் பக்கம்தான் வரும், எனக்கு ஒரு மாலை முழுக்க அப்படியே போனது. கடைசியில் இரண்டு புலங்கள் அதே அறக்கட்டளைக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை, அதனால்தான் பெயர் சொல்லவில்லை. ஆனாலும் ஏக்கர் கணக்கைக் குறைக்கும் மசோதாவுக்கு வாக்களிக்கும்போது இந்தத் தொடர்பு அவையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். மாநிலங்களவையில் உறுப்பினர்களின் நலன்களைப் பதியப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். சட்டமன்றத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும், அறக்கட்டளைப் பொறுப்புகளும் அதில் ஏற வேண்டும்.

நான் தேடி முடிப்பதற்குள் மசோதா நிறைவேறிவிட்டது; எதிர்ப்பு வலுத்த பிறகு மறுஆய்வு செய்வதாக அரசு சொன்னது. மற்ற இருவரின் தாள்களில் கல்வித் தொடர்பு எதுவும் தென்படவில்லை. நான்காமவருடையதில் அந்தக் கடன் வரியின் மேலேயே நோட்டரி முத்திரை விழுந்து தொகை தெரியவில்லை. தெளிவான நகல் கேட்டு எழுதியிருக்கிறேன்.